இறங்காத சக்கரங்கள்: லாட் 16 விமானமும் சி829 பிரேக்கரும்

2011 நவம்பர் 1, பிற்பகல் 2.40 மணியளவில் போலந்தின் லாட் நிறுவனத்துப் போயிங் 767-300 விமானம் ஒன்று வார்சா சோபின் விமான நிலையத்தின் 33-ஆம் ஓடுபாதையில் சக்கரம் இல்லாமல் வயிற்றால் இறங்கியது. அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து வந்த 16-ஆம் எண் விமானம் அது, பதிவெண் எஸ்பி-எல்பிசி. உள்ளே இருந்த 231 பேரில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. விமானம் மட்டும் மறுபடி பறக்கவேயில்லை.

இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கேப்டன் ததேயுஷ் வ்ரோனாவின் கைத்திறனைப் பற்றியது. நியாயமான புகழ்தான். அவ்வளவு பெரிய விமானத்தை இறக்கை சாயாமல், மூக்கு குத்தாமல் ஓடுபாதையின் நடுக்கோட்டில் வைத்தது சாதாரண வேலையல்ல. ஆனால் விமானப் பராமரிப்பிலும் காக்பிட்டிலும் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. லேண்டிங் கியரில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் கால்களில், பழுதில்லை. அதை அவசரத்தில் இறக்கும் மாற்று அமைப்பிலும் பழுதில்லை. அந்த அமைப்புக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு சர்க்கியூட் பிரேக்கர், அதாவது மின்சுற்றைத் துண்டிக்கும் காப்புக் குமிழ், திறந்து கிடந்தது. அவ்வளவுதான்.

நடு ஹைட்ராலிக் போனால் என்னென்ன போகும்

767-இல் அழுத்திய எண்ணெயால் பாகங்களை நகர்த்தும் மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு: இடது, நடு, வலது. மூன்றும் ஏறத்தாழ 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் ஓடுபவை. பறக்கும் கட்டுப்பாடுகளான எய்லரான், எலிவேட்டர், ரட்டர் ஆகியவற்றை மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஒன்று போனாலும் விமானத்தை ஓட்டுவதில் பெரிய சிரமம் வராது. ஆனால் லேண்டிங் கியரை ஏற்றி இறக்குவதும், மெதுவாகப் பறக்க இறக்கையில் விரியும் ஃபிளாப்களையும் ஸ்லாட்களையும் நகர்த்துவதும் நடு அமைப்பின் பொறுப்பு. தரையிறங்கத் தேவையான கனமான வேலைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன.

அந்த நடு அமைப்பைத் தாங்கத்தான் இரண்டு மின் பம்புகள், எஞ்சின் காற்றில் சுழலும் பம்பு ஒன்று, இரண்டு எஞ்சினும் நின்றால் வெளியே விழுந்து சுழலும் சிறு காற்றாடி என்று பல அடுக்கு வைத்திருக்கிறார்கள். பம்பு கெட்டால் இந்த அடுக்குகள் கைகொடுக்கும். எண்ணெயே போய்விட்டால் எத்தனை பம்பு இருந்தும் பயனில்லை.

நியூவர்க்கிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்திலேயே அதுதான் நடந்தது. வலது முக்கியக் காலில் உள்ள ஹைட்ராலிக் பகுதியை நடு அமைப்போடு இணைக்கும் வளையும் குழாய் ஒன்று வெடித்தது. கியரில் வளையும் குழாய்க்கு வேலை அதிகம். கால் மடங்கும்போதும் விரியும்போதும் கூடவே வளைய வேண்டும், ஒவ்வொரு முறையும் முழு அழுத்தத்தைத் தாங்க வேண்டும், தரையில் கல்லும் தண்ணீரும் தெறிப்பதையும் ஏற்க வேண்டும். இணைப்பு முனையருகே வளைவு கூடினால் உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் மெல்ல மெல்ல அறுபடும். வெளித்தோலைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 767-32-0162 என்ற சர்வீஸ் புல்லட்டினை நிறுவனம் இந்த விமானத்தில் நிறைவேற்றியிருக்கவில்லை. விசாரணை ஆணையம் இதைத் துணைக்காரணங்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறது. சர்வீஸ் புல்லட்டின் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. விமானத் துறை அதிகாரிகள் கட்டாய உத்தரவாக மாற்றாதவரை நிறைவேற்றுவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் முடிவு. செலவுக் கணக்குப் பார்த்து அடுத்த பெரிய பராமரிப்புக்குத் தள்ளிவைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதே.

காக்பிட்டில் நடு ஹைட்ராலிக் எச்சரிக்கை வந்ததும் விமானிகள் செக்லிஸ்ட்டைச் செய்தார்கள். மீதி இரண்டு அமைப்புகளும் நன்றாக இருந்தன. நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் மையத்தோடு பேசிவிட்டு வார்சாவுக்கே தொடர்ந்தார்கள். இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது தவறான முடிவாகத் தெரியவில்லை. அட்லாண்டிக்கைக் கடக்கப் போட்ட எரிபொருள் முழுதும் தொட்டியில் இருந்தது. உடனே நியூவர்க்குக்குத் திரும்பியிருந்தால் இதே மாற்று முறையைத்தான் நம்ப வேண்டும், இதே பிரேக்கர்தான் குறுக்கே நிற்கும், விமானத்தின் எடை மட்டும் பல டன் கூடுதலாக இருக்கும்.

இரண்டு மாற்று வழிகள்

நடு ஹைட்ராலிக் இல்லாதபோது ஃபிளாப்புக்கு ஒரு வழி, கியருக்கு ஒரு வழி. இரண்டுமே மின்சாரத்தால் நடப்பவை, ஆனால் தன்மை வேறு.

ஃபிளாப்பும் ஸ்லாட்டும் வழக்கமாக ஹைட்ராலிக் மோட்டாரால் சுழலும் தண்டுகளைக் கொண்டு நகர்கின்றன. அதே தண்டைச் சுழற்ற மின்மோட்டார்களும் வைத்திருக்கிறார்கள். மாற்று ஃபிளாப் சுவிட்சுகளை அழுத்தி, பக்கத்தில் உள்ள தனித் தேர்வுக்குமிழில் எத்தனை டிகிரி வேண்டுமென்று வைத்தால் மோட்டார் வேலையை எடுத்துக்கொள்ளும். மெதுவாகத்தான் நகரும். அதனால் வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்க வேண்டும்; கடைசி நேரத்தில் தொடங்கினால் ஃபிளாப் பாதியில் இருக்கும்போதே ஓடுபாதை வந்துவிடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சாதாரண முறையில் ஒரு பக்க ஃபிளாப் மறுபக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அமைப்பு தானே நிறுத்திவிடும். மாற்று முறையில் அந்தக் காவல் இல்லை. அதனால் விமானி ஒவ்வொரு படியாக நகர்த்தி, அளவுமானியின் இரண்டு முள்ளும் சேர்ந்தே போகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் பிரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பல ஜெட்களின் செக்லிஸ்ட் இந்த நிலையில் முழு ஃபிளாப்புக்குப் பதிலாக ஒரு படி குறைத்து இறங்கச் சொல்கிறது. இறங்காமல் மறுபடி மேலே ஏற (கோ-அரவுண்ட்) வேண்டிவந்தால் மெதுவாக ஏறும் ஃபிளாப்போடு உயரம் பிடிக்க வேண்டுமே என்பதற்காக. லாட் 16-இல் ஃபிளாப் இறங்கியது.

கியரின் மாற்று வழி இதைவிட எளிது. கியர் மேலே இருக்கும்போது அதைப் பிடித்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் அல்ல, இரும்புக் கொக்கி. கதவுக்கும் அதேபோல் தாழ்ப்பாள் உண்டு. கியர் நெம்புகோலுக்கு அருகே மூடி போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். மூடியைத் தூக்கி அதைக் கீழே தள்ளினால் சிறிய மின்மோட்டார் ஒன்று சுழன்று, மூன்று கால்களின் கதவுத் தாழ்ப்பாள்களையும் கொக்கிகளையும் இயந்திர இணைப்புகள் வழியாக விடுவிக்கும். அதற்குமேல் எல்லாம் எடையின் வேலை. கதவு விழும், கால் விழும், கடைசி அங்குலங்களில் வில் இழுத்துப் பூட்டும். முன்பலகையில் மூன்று பச்சை விளக்கு எரிந்தால் பூட்டியாகிவிட்டது என்று பொருள். கதவுகளை மறுபடி மூட அழுத்தம் இல்லாததால் அவை திறந்தே தொங்கும். கதவு எச்சரிக்கை விளக்கு அணையாது. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

இந்த மோட்டாருக்கு மின்சாரம் பேட்டரி பஸ்ஸிலிருந்து, அதாவது பேட்டரி மின்சாரத்தைப் பகிரும் தடத்திலிருந்து, வருகிறது. எஞ்சின், ஜெனரேட்டர், ஹைட்ராலிக் மூன்றும் போனாலும் பேட்டரி இருந்தால் கியர் விழும் என்பது வடிவமைப்பின் எண்ணம். அது நடந்தும் இருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் எண் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமல் மிதந்து கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் இறங்கியபோது, முக்கியக் கால்கள் எடையால் விழுந்து பூட்டின. முன்கால் விழுந்தும் பூட்டவில்லை. அது தனிக்கதை, கொக்கிகள் விடுபட்டன என்பதுதான் இங்கே முக்கியம்.

சோதிக்க முடியாத மாற்று

நியூவர்க்கிலிருந்து வார்சாவுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். இறங்கும்போது மாற்று முறையைத்தான் நம்ப வேண்டும் என்பது கிளம்பிய முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அது வேலை செய்கிறதா என்று வழியில் போட்டுப் பார்க்க முடியாது. ஒருமுறை கொக்கி விடுபட்டால் கியரை மறுபடி ஏற்ற ஹைட்ராலிக் இல்லை. கியர் தொங்கும் நிலையில் காற்றுத்தடை பெருகி எரிபொருள் வேகமாகக் கரையும். கடலைக் கடக்கும் கணக்கே மாறிவிடும். ஃபிளாப்புக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். உயரப் பறக்கும் வேகத்தில் அதைத் தொடவே கூடாது.

ஆக, நடுவானில் செய்யக்கூடிய ஒரே சோதனை கண்ணால் பார்ப்பது. சுவிட்சின் மூடி சரியாக மூடியிருக்கிறதா, பேட்டரி அளவு எப்படி, இந்த மோட்டாருக்கு மின்சாரம் வரும் பாதையில் உள்ள பிரேக்கர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா. இந்தக் கடைசிக் கேள்விக்குச் செக்லிஸ்ட்டில் இடமில்லை. நடு ஹைட்ராலிக் போனதற்கான செக்லிஸ்ட், இறங்கும்போது மாற்று ஃபிளாப்பையும் மாற்றுக் கியரையும் பயன்படுத்து என்று சொல்லி முடிந்துவிடும். மாற்று வழி தயாராக இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

பாதுகாப்புப் பொறியியலில் இதற்கு உறங்கும் பழுது என்று பெயர். தினமும் ஓடும் பம்பு கெட்டால் அன்றைக்கே விளக்கு எரியும், பழுதுபார்ப்பவர் வருவார். தேவைப்படும் நாளில் மட்டும் ஓடும் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை என்றால் தேவைப்படும் நாளில்தான் தெரியும். அதுவரை இரண்டு வழி இருப்பதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு ஒரே வழியில் பறந்துகொண்டிருப்போம். இரண்டு பழுதுகள் ஒரே நாளில் சேர்ந்தது துரதிருஷ்டம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மாற்று வழியின் பழுது அன்றைக்கு வந்து சேரத் தேவையில்லை. ஏற்கெனவே காத்திருந்தால் போதும்.

வார்சாவுக்கு மேலே

நெருங்கியதும் விமானிகள் ஃபிளாப்பை மாற்று முறையில் இறக்கி, கியர் மாற்றுச் சுவிட்சைத் தள்ளினார்கள். எதுவும் நடக்கவில்லை. சாதாரணமாகக் கியர் விழும்போது காலுக்கடியில் தடதடவென்று சத்தம் கேட்கும், கதவு திறந்ததும் காற்றின் இரைச்சல் கூடும், வேகம் குறையும். இவற்றில் ஒன்றும் இல்லை. பச்சை விளக்கும் இல்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தார்கள்.

இந்த நேரத்தில் மூன்று வேலைகள் நடந்தன. ஒன்று, எரிபொருளைக் கரைப்பது. இறங்கும்போது எடை குறைந்தால் தொடும் வேகம் குறையும், உரசலில் தீப்பற்ற இருக்கும் எரிபொருளும் குறையும். திருச்சியிலிருந்து 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிய 737, ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே சுற்றிவிட்டுத் திரும்ப இறங்கியதும் இதற்காகத்தான். 737-இல் எரிபொருளைக் காற்றில் கொட்டும் வசதி கிடையாது. இரண்டாவது, வெளியிலிருந்து பார்ப்பது. போலந்து விமானப்படையின் இரண்டு எஃப்-16கள் அருகில் வந்து, கியர் மேலேயே இருக்கிறது என்று உறுதிசெய்தன. பலகை விளக்கு பொய் சொல்கிறதா, கால் பாதி இறங்கி நிற்கிறதா என்ற சந்தேகம் இதில் தீர்ந்துவிடும். மூன்றாவது, இன்னும் என்ன செய்யலாம் என்று தேடுவது.

இப்படிப்பட்ட நேரத்தில் விமானத்தை உலுக்கிப் பார்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். மூக்கைத் திடீரென்று இழுத்து எடையைக் கூட்டுவது, ரட்டரை மிதித்து பக்கவாட்டில் சறுக்குவது போன்றவை. இவற்றுக்குப் பயன் உண்டு, ஆனால் ஒரே ஒரு சூழலில்: கொக்கி விடுபட்டுக் கால் தொங்குகிறது, பூட்டு மட்டும் விழவில்லை. கொக்கியே விடுபடாதபோது எவ்வளவு இழுத்தாலும் கொக்கி இன்னும் இறுக்கமாகத்தான் பிடிக்கும். முன்பலகையில் ஒரு விளக்குகூட நிறம் மாறவில்லை, கதவுச் சத்தமும் இல்லை, மூன்று காலும் ஒரே மாதிரி அசையவில்லை என்றால் பழுது காலில் இல்லை. மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவானது மோட்டார், அதன் சுவிட்ச், அதன் மின்சாரம். இந்த மூன்றில் காக்பிட்டில் உட்கார்ந்தபடி சரிசெய்யக்கூடியது கடைசி ஒன்றுதான்.

பேட்டரி பஸ்ஸின் பிரேக்கர்

767-இன் காக்பிட்டில் துணைவிமானியின் இருக்கைக்குப் பின்னால், வலது சுவரில், பி6 என்ற பெரிய பிரேக்கர் பலகை இருக்கிறது. வரிசை வரிசையாகக் கறுப்புக் குமிழ்கள். பி6-1 அதன் ஒரு பகுதி. அதன் அடிவரிசையில், தரையை ஒட்டிய மூலையில் இருப்பது சி829; பேட்டரி பஸ்ஸிலிருந்து கிளைபிரியும் ஒரு பகிர்மானப் பிரேக்கர். வீட்டு எம்சிபி டிரிப் ஆனால் நெம்பு கீழே சாய்வதுபோல, விமானப் பிரேக்கர் திறந்தால் குமிழ் சில மில்லிமீட்டர் வெளியே துருத்தும், கழுத்தில் வெள்ளை வளையம் தெரியும். நேர் எதிரே கண்மட்டத்தில் இருந்தால் அது பளிச்சென்று தெரியும். முழங்காலுக்குக் கீழே, இருக்கைக்குப் பின்னால், நிழலில் இருந்தால் குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும்.

கியர் மாற்று மோட்டாருக்குப் பெயரெழுதிய தனிப் பிரேக்கர் ஒன்று உண்டு: சி4248. அது உள்ளேதான் இருந்தது. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கே இருக்கிறது. கியர் இறங்கவில்லை என்று பிரேக்கர் பலகையைப் பார்ப்பவர் என்ன தேடுவார்? கியர் என்று எழுதியிருப்பதைத் தேடுவார். கண்டுபிடிப்பார், உள்ளே இருக்கிறது, மின்சாரம் போகிறது என்று முடிவுகட்டுவார். அந்தப் பிரேக்கருக்கு மேலே இன்னொரு பிரேக்கர் இருக்கிறது, அதன் பெயரில் கியர் என்ற சொல்லே கிடையாது, வேறு பல சுற்றுகளையும் சேர்த்துச் சுமக்கும் பொதுப் பிரேக்கர் அது என்பதெல்லாம் மின்சுற்று வரைபடத்தை விரித்து வைத்தால்தான் தெரியும். அந்த வரைபடம் பராமரிப்புப் பொறியாளரின் மேசையில் இருக்கும், விமானியின் கையில் அல்ல.

அதனால்தான் தரையிலிருந்து வர வேண்டிய உதவி இங்கே பெரிய விஷயமாகிறது. விசாரணை ஆணையம் லாட்டின் ஆபரேஷன்ஸ் மையத்தில் இப்படிப்பட்ட நேரத்தில் நிபுணர் உதவி கிடைக்கச் சரியான நடைமுறை இல்லாததைத் துணைக்காரணமாகச் சேர்த்திருக்கிறது. 767-இன் மின்சுற்றுத் தெரிந்த ஒருவர் வரைபடத்தில் மோட்டாரிலிருந்து பேட்டரி வரை விரலால் கோடு இழுத்துக்கொண்டே போயிருந்தால் வழியில் இரண்டு பிரேக்கர் இருப்பது சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். எட்டு மணி நேரப் பயணம், அதற்குமேல் ஒரு மணி நேர வட்டம். நேரத்துக்குக் குறைவில்லை.

விமானிகள் பிரேக்கர் பலகையில் கைவைக்கத் தயங்குவதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. மின்கசிவால் தீப்பிடித்த விபத்துகளுக்குப் பிறகு, தானாகத் திறந்த பிரேக்கரை நடுவானில் திரும்ப அழுத்தாதே என்று பயிற்சியில் அழுத்திச் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது: திறந்த பிரேக்கர் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். பாதுகாப்பாக இறங்க அது தேவை என்று கேப்டன் கருதினால் மட்டும், சுமார் இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒரே ஒருமுறை அழுத்தலாம் என்பது பரவலான விதி. எரிபொருள் பம்பின் பிரேக்கரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. விதி சரியானதே. ஆனால் தொடாதே என்பது காலப்போக்கில் பார்க்காதே என்று ஆகிவிடுகிறது. சி829-ஐப் பார்த்திருந்தால், அதை அழுத்துவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை தேடவே தேவைப்பட்டிருக்காது. சக்கரமில்லாமல் இறங்குவதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

வயிற்றால் இறங்குவது

கியர் இல்லாமல் இறங்கும்போது விமானம் தான் இன்னும் பறப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். தரையைத் தொட்டது என்று அமைப்புகளுக்குச் சொல்வது கால்களில் உள்ள உணர்கருவி. கால் உள்ளே மடங்கியிருந்தால் அது பேசாது. இறக்கையின் மேலுள்ள, தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லர் பலகைகள் தானாக எழாது, எஞ்சினின் பின்தள்ளலும் திறக்காது. பிரேக் என்ற பேச்சே இல்லை. தரை நெருங்கும்போது கியர் இல்லை என்று எச்சரிக்கைக் குரல் கத்தும். அதை அடக்கத் தனிச் சுவிட்ச் இருக்கிறது, முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கடைசி நொடிகளில் இரண்டு விமானிகளும் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. 767-இல் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே தாழத் தொங்குவதால் அவற்றின் கூடுகளே சறுக்குப் பலகையாகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று முந்தினால் விமானம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

வ்ரோனா இரண்டையும் சமமாக வைத்தார். தீயணைப்புப் படை ஓடுபாதையில் நுரை போட்டிருந்தது. விமானம் தீப்பொறி சிதற நேராகச் சறுக்கி, இரு ஓடுபாதைகளும் குறுக்கிடும் இடத்தருகே நின்றது. எஞ்சின் பகுதியில் எழுந்த சிறு தீயை உடனே அணைத்தார்கள். பயணிகள் சறுக்குத் துணிகள் வழியாக வெளியேறினார்கள். விமானம் நின்ற இடம் அப்படி என்பதால் இரு ஓடுபாதைகளும் முடங்கி, வார்சா விமான நிலையம் ஒரு நாளுக்கும் மேல் மூடிக்கிடந்தது.

பிறகு கிரேன்களும் காற்றுப் பைகளும் கொண்டு விமானத்தைத் தூக்கினார்கள். பேட்டரியை இணைத்து, சி829-ஐ உள்ளே அழுத்தி, மாற்றுச் சுவிட்சைத் தள்ளியபோது கியர் இறங்கிப் பூட்டியது. அந்தச் சக்கரங்களின் மேலேயே விமானத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆணையம் சொன்னதும் சொல்லாததும்

போலந்தின் அரசு விமான விபத்து விசாரணை ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2017-இல் வெளியிட்டது. காரணங்களாக மூன்றைச் சொன்னது: குழாய் வெடித்தது, நடு ஹைட்ராலிக் இல்லாத நிலையில் சி829 திறந்திருந்தது, கியர் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகும் விமானிகள் திறந்த பிரேக்கரைக் கண்டுபிடிக்காதது. துணைக்காரணங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பலகையைப் பற்றியது: பி6-1 பலகையின் பிரேக்கர்கள் தற்செயலாக இடிபட்டுத் திறக்காதபடி எந்தக் காப்பும் இல்லை, சி829 இருக்கும் இடமோ பார்க்கவும் கடினம், இடிபடவும் எளிது. காக்பிட்டின் அந்த மூலையில் பைலட் பைகள் வைக்கப்படும், ஷூ உரசும், துப்புரவு செய்பவரின் கருவி இடிக்கும். குமிழை வெளியே இழுக்கத்தான் விசை வேண்டும். கீழிருந்து பக்கவாட்டில் கொக்கிபோல மாட்டினால் அந்த விசை தானே கிடைத்துவிடும்.

மூன்றாவது காரணத்தை வாசிக்கும்போது பழி விமானிகள் மேல் விழுவதுபோல் தோன்றும். அப்படிப் படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கியர் இறங்கவில்லை என்றால் மோட்டாரின் மின்பாதையில் உள்ள இன்னின்ன பிரேக்கர்களைப் பார், இன்ன பலகையில் இன்ன வரிசையில் இருக்கும் என்று செக்லிஸ்ட்டில் இரண்டு வரி சேர்த்திருந்தால் போதும். நினைவிலிருந்து மின்சுற்றை வரைந்து பார்க்க வேண்டிய நிலைக்கு விமானியைத் தள்ளியதுதான் கோளாறு.

மற்ற ஜெட்களில்

இதே வேலையை வேறு விமானங்கள் வேறு விதமாகச் செய்கின்றன. 737-இல் துணைவிமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு மூடி. திறந்தால் மூன்று கைப்பிடிகள்; ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. இழுத்தால் கம்பிவடம் நேரே கொக்கியை விடுவிக்கும். நடுவில் மின்சாரமும் இல்லை, பிரேக்கரும் இல்லை. குறை என்னவென்றால் முழு நீளத்துக்கு இழுக்க வேண்டும், பாதியில் விட்டால் கொக்கி விடாது.  ஏர்பஸ் ஏ320-இல் நடுமேடையின் பின்பக்கம் ஒரு கைச்சுழலி. வெளியே இழுத்து வலஞ்சுழியாக மூன்று சுற்று: முதலில் ஹைட்ராலிக்கைத் துண்டிக்கும், பிறகு கதவு, பிறகு கால். கையில் எதிர்ப்பு உணரலாம் என்பது இதன் பெரிய வசதி. ஏதாவது சிக்கினால் சுற்றுபவருக்கே தெரிந்துவிடும்.

777-இல் மாற்று முறைக்கென்றே பேட்டரி மின்சாரத்தில் ஓடும் தனிப் பம்பு ஒன்றும், குழாயில் தங்கும் எண்ணெயும் பயன்படுகின்றன. சிறிய ஜெட்கள் சிலவற்றில், செஸ்னா சைட்டேஷன் போன்றவற்றில், அழுத்திய நைட்ரஜன் குப்பி இருக்கும். கைப்பிடியை இழுத்தால் வாயு குழாய்க்குள் பாய்ந்து காலை அடித்து இறக்கும். ஒரே முறைதான். குப்பியின் அழுத்தமானியைக் கிளம்பும் முன் பார்க்காமல் விட்டால் சி829 கதைதான் அங்கேயும். பயன்படுத்திய பிறகு ஹைட்ராலிக்குக்குள் வாயு கலந்துவிடுவதால் முழு அமைப்பையும் காற்றகற்றித் திரும்ப நிரப்ப வேண்டும்.

கம்பிவடம் மின்சாரத்தைவிட நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. பெரிய விமானத்தில் வடம் நீளம் அதிகம், உராய்வு அதிகம், இழுக்க வேண்டிய விசை மனிதக் கைக்கு மிஞ்சியது. வடமும் துருப்பிடிக்கும், கப்பியில் சிக்கும். ஆனால் வடம் உயிரோடு இருக்கிறதா என்று இழுப்பவரின் கைக்குத் தெரியும். மின்மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல 767-இல் எதுவும் இல்லை. அந்த மோட்டாரின் முனையில் மின்னழுத்தம் இருக்கிறதா என்பதை எச்சரிக்கைத் திரைக்கு அனுப்ப ஒரு கம்பி போதும். இல்லாதபோது ஒரு வரி எழுத்து வந்தால் போதும்.

பராமரிப்பில் இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. விமானத்தை ஜாக்கில் தூக்கி மாற்றுக் கியர் சோதனை செய்யும்போது, முடிந்ததும் கியர் நன்றாக இறங்கியது என்று மட்டும் எழுதி மூடாமல், மோட்டாருக்கு மேலே உள்ள ஒவ்வொரு பிரேக்கரின் நிலையையும் தனித்தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். சோதனைக்காக இழுத்த பிரேக்கருக்குக் கழுத்துவளையமும் சிவப்பு நாடாவும் மாட்டி, அகற்றும்போது எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். அடிவரிசைக் குமிழ்களுக்கு இடிபடாதபடி சிறு தடுப்பு ஒன்று வைக்கலாம். காக்பிட்டில் தினசரிப் பார்வையின்போது பிரேக்கர் பலகையைத் தூரத்திலிருந்து கண்ணோட்டம் விடாமல், கீழ் வரிசைக்குக் குனிந்து டார்ச் அடித்து, உள்ளங்கையால் வரிசையாகத் தடவிப் பார்க்க வேண்டும். துருத்திய குமிழ் கண்ணுக்குத் தப்பினாலும் கையில் தட்டும். நடு ஹைட்ராலிக் போன விமானத்தை ஓட்டுபவருக்கு, அந்தத் தடவலுக்கான நேரம் இறங்கும்போது அல்ல, எச்சரிக்கை வந்து செக்லிஸ்ட் முடிந்த அந்தப் பத்தாவது நிமிடம்.